மூடியைக் கழற்றினால் ஓடும் கணினி

பின்னேரம் மூன்று மணி இருக்கும். ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை. கோடை வெயில் கண்ணாடியைத் தாண்டி மேசைவரைக்கும் வந்துவிட்டது. மேசையில் நான் என் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கணினி. திரையில் ஒரு மழைநீர்க் குழாயின் நெடுக்குவெட்டுப் படம். மௌஸை இழுக்கிறேன். திரையில் குறுக்குக் கோடு அசையவில்லை.

குசினியிலிருந்து என் கணவர் நேசனின் குரல் வந்தது.

"திரும்பவும் நிண்டுட்டுதோ?"

"ஓம்."

"எத்தினை நிமிசம்?"

"இருவத்திரண்டு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளில் அதைக் குறித்தார். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர வேலை. எது கெட்டாலும் அதற்கொரு அட்டவணை போட்டால்தான் அவருக்கு நிம்மதி.

அட்டவணை சொன்ன சேதி இதுதான். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தால் கணினி நாள் முழுக்க ஓடும். மூடியைப் போட்டால் இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் உறைந்துபோகும். அதுவரை சேமிக்காத கோடுகள் எல்லாம் போய்விடும்.

சென்ற கிழமை புக்கெகோஹி வெங்காயக் கொட்டகையில் வேலை செய்த காலத்தை எழுதியிருந்தேன். அங்கிருந்து படம் வரையும் வேலைக்கு எப்படிப் போனீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அதைச் சொல்வதென்றால் இந்தப் பெட்டியைத் திறக்காமல் முடியாது.

உள்ளூர் அனுபவம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். ஊரில் நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் கீறுபவளாக ஒன்பது வருடம் இருந்தேன். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு எல்லாம் மையால் கீறியிருக்கிறேன். இங்கே விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான்: உள்ளூர் அனுபவம் இல்லை; கணினியில் வரைந்த அனுபவமும் இல்லை.

இரண்டாவது குறையையாவது தீர்த்துவிடலாம் என்று ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். அந்தச் சான்றிதழைப் பார்த்த நகரத்துப் பொறியியல் அலுவலகம் ஒன்று மூன்று பழைய தாள் படங்களைக் கையில் தந்தது.

"இவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டு கிழமை அவகாசம். வேலை பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே செய்ய இன்னும் தருவோம்" என்றார் அதிகாரி.

"உங்களிடம் கணினி இருக்கிறதுதானே?" என்றும் கேட்டார்.

இருக்கிறது என்றேன். அப்போது அது நான்கு அட்டைப் பெட்டிகளில், பூட்டாத பாகங்களாகக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பூவா, வீடா?

வகுப்பு நடந்த மாதங்களில் அந்தப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கினேன். கடையில் முழுதாகப் பூட்டிய கணினிகளும் வைத்திருந்தார்கள். எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது. எந்தப் பாகம் எதைச் செய்கிறது என்று தெரியாத ஒரு பொருளை நம்பி வேலை எடுக்க மனம் வரவில்லை. அது பாதிக் காரணம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் மீதிப் பாதி.

டொமினியன் ரோட்டுப் பக்கம் தாய்வானிலிருந்து வந்த ஒருவர் சின்னக் கடை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் தட்டுகள், சாம்பல் நிற வயர்கள். நகைக்கடையில் நிற்பதுபோல் குனிந்து குனிந்து பார்த்தேன்.

"விளையாட்டுக்கா?" என்று கேட்டார்.

"படம் வரைய."

"என்ன படம்? பூவா, வீடா?"

"வாய்க்கால்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு இரண்டு புரொசசர்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டும் சின்ன மிட்டாய் டப்பாவின் மூடி அளவு சதுரம். அடியில் தூரிகைபோல் மெல்லிய ஊசிகள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஒன்று பின்னக் கணக்குகளைத் தானே வேகமாகப் போடும்; மற்றதில் அந்தப் பகுதி வேலை செய்யாது என்றார். கடிதம் எழுதுகிறவருக்கு அது தேவைப்படாது. ஆனால் வட்டத்தையும் வளைவையும் திரையில் கீற வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வரைகிற மென்பொருள் அந்தப் பகுதி இல்லாத இயந்திரத்தில் ஓடவே ஓடாது.

அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் மற்றதைத்தான் வாங்கியிருப்பேன்.

அதன்பின் அந்தக் கடைக்கு வழக்கமாகப் போகத் தொடங்கினேன். ஒருமுறை மதர்போர்ட். ஒருமுறை நினைவகப் பட்டைகள். எட்டு மெகாபைட்டா, பதினாறா என்று இரண்டு கிழமை யோசித்து, ஹார்ட் டிஸ்க்கைச் சிறிதாக்கிக்கொண்டு பதினாறாக்கினேன். பழைய அச்சகம் ஒன்று கழித்துவிட்ட பெரிய திரை வந்து சேர்ந்தது. அதைக் காரிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மேசை சின்னதாகையால், படுத்த வாக்கில் இருக்கும் பெட்டியாகத் தேர்ந்தெடுத்தேன். திரையை அதன் மேலேயே வைத்துவிடலாம்.

கடைசியாகக் கடைக்காரர் தீப்பெட்டி அகலத்தில் ஒரு விசிறியை நீட்டினார். அதன் அடியில் சீப்புப் பல்லுப்போல் அலுமினியத் தகடுகள்.

"இது எதற்கு?"

"புரொசசரின் தலையில் வைக்க. முந்தியவற்றுக்குத் தேவையில்லை. இது வேகம் கூடியது, சூடாகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஓடாத விசிறிகள்

ஊரில் எங்கள் வரைபட அறையில் ஆறு மின்விசிறிகள் இருந்தன. ஒன்றையும் போடக்கூடாது. போட்டால் தாள் பறக்கும். அது போகட்டும், ஈர மையின் மேல் தூசி படியும், கோடு பிசிறும். வைகாசி வெயிலில் பன்னிரண்டு பேர், ஓடாத ஆறு விசிறிகளுக்குக் கீழே குனிந்திருப்போம். உள்ளங்கைக்கு அடியில் மடித்த கைக்குட்டை. மூக்கு நுனியில் திரளும் வியர்வை எப்போது விழும் என்று தெரியாது. ஒருமுறை ஒரு துளி ஒரு குளத்தின் நடுவில் விழுந்து, மூன்று நாள் வேலை போனது.

மேலதிகாரியின் அறையில் மட்டும் விசிறி சுற்றும். அவர் ஒன்றும் கீறுவதில்லை.

அப்படி வேர்த்துக் கீறிய எனக்கு, கீறப்போகும் ஒரு புரொசசர் சில்லுக்குத் தனி விசிறி என்றதும் பொறாமைகூட வந்தது. வாங்கினேன். அலுமினியத்துக்கும் சில்லுக்கும் நடுவில் பூச ஒரு வெள்ளைப் பசையும் தந்தார். மெல்லியதாகப் பூச வேண்டும், வெண்ணெய்போல் அப்பக்கூடாது என்றார். நான் மை பூசிப் பழகியவள். அதைச் சரியாகத்தான் செய்தேன்.

ஆனாலும் நின்றது.

கையில் துளைக்கருவியோடு நேசன்

மூடியைக் கழற்றியே வைத்துக்கொண்டு வேலை செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படித்தான் இரண்டு நாள் செய்தேன். திரையை ஒரு முக்காலியில் வைத்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கீறினேன். மூன்றாம் நாள் எங்கள் மூன்று வயது மகள் திறந்த பெட்டிக்குள் பிளாஸ்டிக் கரண்டியை விட்டுக் கிண்டினாள். நல்லவேளை, கரண்டிதான் முறிந்தது. நான்கு மணிக்கு நேசன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அவளும் மட்டும். திறந்த பெட்டி சரிவராது.

அலுவலகம் தந்த இரண்டு கிழமையில் ஒன்பது நாள் போய்விட்டது. முடிந்தது ஒரு படமும் கொஞ்சமும்.

"உள்ளுக்குச் சூடு அடைபடுது. மூடியில ஓட்டை போட்டு இன்னொரு ஃபேன் வைப்பம்" என்றார் நேசன். துளைக்கருவியைக்கூட யாரிடமோ இரவல் வாங்கிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் வந்தவர்தான் முன்சாமி.

முன்சாமி பிஜியிலிருந்து வந்தவர். நான்கு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போன தென்னிந்தியக் குடும்பம். குளிரூட்டும் இயந்திரங்கள் திருத்துவது அவர் தொழில். எங்கள் வெங்காயக் கொட்டகையின் குளிர் அறைகளைப் பார்க்க வருவார். வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அதனால் அவர் வரும் நாட்களில் அவருடைய வான் வண்டியிலேயே போய்வருவேன். வழியில் பேச்சு வாக்கில் கணினியின் கதையைச் சொல்லியிருந்தேன்.

என் வயதுதான் அவருக்கும். பாதி ஆங்கிலம், கொஞ்சம் இந்தி, மீதிக்குத் தமிழ். எங்கள் தமிழைக் கேட்டால் அவர் சிரிப்பார்; அவர் தமிழைக் கேட்டால் நாங்கள் சிரிப்போம்.

துளைக்கருவியோடு நின்ற நேசனைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"இருங்க பிரதர், இருங்க. மொதல்ல காத்து எங்க போவுதுன்னு பாப்போம். சிஸ்டர், ஊதுபத்தி இருக்கா?"

சாமித் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூடியைப் பூட்டி, திரையை மேலே வைத்து, கணினியை ஓடவிட்டு, பெட்டியின் முன்பக்கத் துளைகளுக்கு அருகே ஊதுபத்தியைப் பிடித்தார். புகை ஒரு நூலாக உள்ளே போனது. பின்பக்கம் போய்க் குனிந்தோம். மின்சாரப் பகுதியின் பெரிய விசிறி வழியாக மல்லிகை வாசம் வந்தது.

மூவரும் தரையில் முழங்காலில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதற்காகப் பார்க்கிறோம் என்பதே எனக்கு ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"காத்து நல்லா ஓடுது. பெட்டியில கோளாறு இல்ல" என்றார் முன்சாமி. "குளிருன்னு ஒண்ணு கெடையாது சிஸ்டர். சூட்டை ஒரு எடத்துலேந்து எடுத்து இன்னொரு எடத்துல போடுறோம், அவ்ளோதான் நம்ம வேலை. இங்க சூடு அந்தச் சில்லை விட்டே கெளம்பல."

இருபத்தோராவது நிமிடம் கணினி நின்றது. அவர் நேசனோடு சேர்ந்து சட்டென்று திரையை இறக்கி, மூடியை உருவி, அலுமினியத் தகட்டில் விரலை வைத்தார்.

"அம்மே!" என்று விரலை உதறினார். "தோசைக்கல்லு மாதிரி இருக்கு."

தகட்டின் மேல் அந்தச் சின்ன விசிறி ஒன்றும் தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன் வேலை செய்யுது. பிறகென்ன?" என்றார் நேசன்.

"நாங்கள் பார்க்கேக்க வேலை செய்யுது" என்றேன் நான். "பார்க்காத நேரம்?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நேசன் வெட்டிவிட்ட வரி

சுவரிலிருந்த அட்டவணையை எடுத்துவந்து மூவரும் வாசித்தோம். மூடி திறந்து: ஓடியது. மூடி போட்டு: இருபத்து நான்கு, பத்தொன்பது, இருபத்திரண்டு. நடுவில் ஒரு வரியை நேசன் பேனையால் வெட்டியிருந்தார். மூடி போட்டு, இரண்டரை மணி நேரம், நிற்கவில்லை.

"இதென்ன?"

"அது நான் பிழையா எழுதியிருப்பன். ஒண்டோடையும் ஒத்துப்போகேல்லை."

"அண்டைக்கு என்ன செய்தனாங்கள்?"

அவர் யோசித்தார். "அண்டைக்கு நீர் திரையை முக்காலியிலேயே விட்டிட்டு மூடியை மட்டும் போட்டனீர். பிள்ளை கரண்டி விட்ட நாள்."

மூடி இருந்தது, மூடியின் மேல் திரை இல்லை.

நான் எழுந்து போய் என் இரும்பு அடிமட்டத்தையும் ஒரு கட்டத்தாளையும் எடுத்துவந்தேன். அவர்கள் இருவரும் தேநீர் குடிக்கும் நேரத்தில், பெட்டியைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படத்தை உண்மை அளவில் கீறத் தொடங்கினேன். அடித்தகடு. அதன் மேல் மதர்போர்ட். அதன் மேல் சில்லு, அலுமினியம், விசிறி. விசிறியின் உச்சியிலிருந்து மூடிவரை பதினான்கு மில்லிமீட்டர் இடைவெளி. தாராளம் என்றுதான் தோன்றும்.

ஆனால் மூடியின் உட்புறத்தில் பலத்துக்காக மடித்துவிட்ட ஒரு விளிம்பு இருந்தது. அது ஆறு மில்லிமீட்டர். அந்த விளிம்புக்கும் விசிறிக்கும் நடுவில்தான், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பட்டையான சாம்பல் கேபிள் மடிந்து கிடந்தது. மடிப்போடு சேர்த்து ஏழு. இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம்.

"சரியா இருக்குதே" என்றார் முன்சாமி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"திரையை மேல வையுங்கோ."

இருவரும் தூக்கி மூடியின் மேல் வைத்தார்கள். அடிமட்டத்தை மூடியின் மேல் படுக்கவைத்துப் பார்த்தேன். நடுவில் மூன்று மில்லிமீட்டர் பள்ளம். அச்சகத்துப் பெரிய திரை தன் பாரத்தால் மூடியை வளைத்திருந்தது.

விளிம்பு கேபிளை அழுத்தும். கேபிள் விசிறியை அழுத்தும். விசிறி நிற்கும். நாங்கள் மூடியைத் திறந்த கணமே அது மறுபடி சுற்றும்.

கேபிளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் நகம் கீறியதுபோல் அரைவட்டமாக, பளபளவென்று ஒரு தேய்மானம்.

நேசன் அதை விரலால் தடவினார். பிறகு போய், துளைக்கருவியை அதன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

முன்சாமிதான் முதலில் சிரித்தார். "நான் பதினஞ்சு வருஷமா ரிப்பேர் வேலை பாக்குறேன் சிஸ்டர். ஒரு தடவகூட பேப்பர்ல கீறிப் பாக்கல."

கேபிளை வேறு பக்கமாக வளைத்து, பாண் ரொட்டிப் பையைக் கட்டிவரும் கம்பியால் ஓரமாகக் கட்டினேன். மூடியைப் போட்டு, திரையை மேலே வைத்தோம். இருபத்தைந்து நிமிடம் யாரும் எழுந்து போகவில்லை. முப்பது. நாற்பது. நேசனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, "ஓடுதோ?" என்றார். "ஓம், ஓடுது" என்றேன். காரை எடுத்தவர், கண்ணாடியை இறக்கி இன்னொருமுறை கேட்டார்.

தொலைபேசி

வெள்ளிக்கிழமை மூன்று படங்களையும் ஃபிளாப்பி நெகிழ்தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி திரையில் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்துகளின் ஒழுங்கு நன்றாயிருக்கிறது என்றார். கட்டாயம் கூப்பிடுகிறோம் என்றார்.

அவர்கள் கூப்பிடவில்லை.

ஒரு கிழமை கொட்டகைக்கு லீவு போட்டு, தொலைபேசியை விட்டு நகராமல் இருந்தேன். இரண்டாம் கிழமை நானே எடுத்துக் கேட்டேன். எதிர்பார்த்த வேலை அவர்களுக்கே வரவில்லையாம். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்வது?

கணினி மட்டும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கோபமாக வந்தது. ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன். திரும்பவும் விடிய எழும்பி வெங்காயத்துக்குப் போனேன். பழுதானதை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் தள்ளுவது வேலை. கை அதைச் செய்யும்போது தலை எங்கேயும் போகலாம். அந்த மாதம் என் தலை எங்கேயும் போகவில்லை.

ஒரு நாள் வான் வண்டியில் போகும்போது முன்சாமி கேட்டார்.

"சிஸ்டர், உங்க மெஷின் சும்மாதானே இருக்கு?"

"ஓம்."

"நான் வேலைய விடப்போறேன். சொந்தமா குளிர் ரூம் கட்டிக் குடுக்கிற பிஸினஸ். மொத ரூம் ஒரு கீரைத் தோட்டக்காரருக்கு. கவுன்சில்ல பிளான் கேக்குறான். அந்தப் பெட்டிக்குப் போட்டீங்களே, அந்த மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க."

"எனக்கு இஞ்சத்தைச் சட்டதிட்டம் தெரியாது முன்சாமி."

"எனக்கும்தான் தெரியாது. கேட்டுத் தெரிஞ்சிக்குவோம்."

மூலைக் கட்டம்

கேட்டோம். கட்டட அனுமதி கொடுக்கும் கவுன்சில் அலுவலகத்தின் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்தாலே பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காரும் அளவுக்குக் கேட்டோம். சுவரின் தடிப்பு, கதவு உள்ளிருந்து திறக்கும் விதம், சூட்டை வெளியே தள்ளும் இயந்திரம் எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் கீறினேன். முதல்முறை படம் திரும்பி வந்தது. குளிர்க் குழாயில் சொட்டும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. வாய்க்கால் கீறியவள் அதை மறந்திருக்கக்கூடாது. திருத்தி அனுப்பினோம்.

படத்தின் வலதுபக்க மூலையில் ஒரு கட்டம் உண்டு, வரைந்தவர் பெயருக்கானது. ஊரில் அந்தக் கட்டத்தில் எங்கள் பெயரின் முதலெழுத்துகள் மட்டும்தான் போகும். பெயர் முழுதாக வருவது மேலதிகாரிக்கு. பழக்கத்தில் நான் 'ம. நே.' என்று போட்டேன்.

"இது யாரு?" என்றார் முன்சாமி.

"நான்தான்."

"இத வெச்சி உங்கள யாரு தேடுவா? முழுப் பேரையும் போடுங்க."

போட்டேன். பெயர் கட்டத்தை விட நீளமாக இருந்தது. கட்டத்தை அகலமாக்கினேன்.

ஒரு மாதம் கழித்து, கொட்டகையில் தேநீர் இடைவேளை. முன்சாமி வானை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கவுன்சிலின் நீல முத்திரை விழுந்த படத்தை ஒரு வெங்காயப் பெட்டியின் மேல் விரித்தார். எங்கள் வரிசைக்குப் பொறுப்பாக இருந்த லின் எட்டிப்பார்த்தாள். அங்கே எல்லோருக்கும் என் பெயர் 'மேகி'. முதல் நாள் லின்தான் அப்படிச் சுருக்கினாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மூலைக் கட்டத்துக்கு வந்து நின்றாள்.

"இது யார்?"

"நான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் மண் படாமல் விரலைத் தூக்கிப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள். நடுவில் தடுக்கிற்று. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். நான் உதவிக்குப் போகவில்லை.

மூன்றாம் முறை வந்துவிட்டது. மங்கையர்க்கரசி நேசன்.